காந்தம் ஒட்டினால் போதுமா? மேக்னடைட்டை இனங்காண ஒரு வழிகாட்டி

மழை ஓய்ந்த பிறகு ஓடை மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கரிய துகள்கள் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். "இரும்புத்தூள்" என்று பலரும் அப்போதே முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் "மேக்னடைட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவது விடை பல நேரங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் மேக்னடைட் ஆகிவிடாது. கடற்கரைக் கருமணலில் பெரும்பகுதி வேறு கனிமமாக இருப்பதும் உண்டு. வீட்டில் கிடைக்கும் பொருட்களை வைத்தே இதைச் சரிபார்த்துவிடலாம். கல் பொறுக்கும் ஆர்வம் உள்ளவர்கள், பள்ளி மாணவர்கள், ஆசிரியர்கள் எல்லோரும் செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது; திசைகாட்டிச் சோதனை மட்டும் விதிவிலக்கு, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். ஒவ்வொரு சோதனையும் முந்தைய சோதனை விட்டுவைத்த சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக வருகிறது.

தேடப் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

மேக்னடைட் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். மூன்று இரும்பணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்பது கணக்கு. எடையில் 72.4 சதவீதம் இரும்பு. நாம் அதிகம் கேள்விப்படும் இன்னொரு இரும்புத்தாதுவான ஹேமடைட்டில் இது 69.9 சதவீதம்தான். தூய மேக்னடைட் கறுப்பாக, உலோகப் பளபளப்போடு இருக்கும். ஒளி ஊடுருவாது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு 5.5 முதல் 6.5 வரை. ஒப்படர்த்தி 5.2க்கு நெருக்கம், அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று மேலான எடை.

இது ஏன் காந்தத்தால் இவ்வளவு வலுவாக ஈர்க்கப்படுகிறது? இதிலுள்ள இரும்பு அணுக்கள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. சில அணுக்கள் இரண்டு எலக்ட்ரான்களை இழந்தவை. சில மூன்றை இழந்தவை. படிகத்துக்குள் இவை இரண்டு வகை இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒருவகை இடத்திலுள்ள அணுக்களின் காந்தம் ஒரு பக்கம் பார்த்தால், மற்றவகை இடத்திலுள்ளவற்றின் காந்தம் எதிர்ப்பக்கம் பார்க்கும். மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு இரண்டு இடங்களிலும் சம எண்ணிக்கையில் இருப்பதால் அவற்றின் காந்தம் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்புக்கு எதிராளி இல்லை. அதன் காந்தம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. இந்த விளக்கத்தை 1948இல் தந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல். காந்தவியலில் செய்த பணிகளுக்காக 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுமார் 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் இந்த ஒழுங்கு குலைந்து காந்தம் ஒட்டாமல் போகும். குளிர்ந்தால் மீண்டும் ஒட்டும். இதை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். கல்லுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் விரிந்து கல் வெடித்துச் சிதறலாம்.

சேகரிக்க வேண்டிய பொருட்கள்

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கரிய வட்டக் காந்தம் ஒன்று. நியோடிமியம் காந்தம் ஒன்று, பழுதான ஹார்டு டிஸ்க்கில் கிடைக்கும். இரண்டும் வேண்டும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நல்ல பூதக்கண்ணாடி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது உத்தமம். டைல்ஸ் கடையில் உடைந்த டைல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அதன் பளபளப்பு இல்லாத பின்பக்கம். சமையலறை டிஜிட்டல் தராசு, நூல், கண்ணாடி டம்ளர், சிறிய திசைகாட்டி, ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பைகள், வெள்ளைத் தாள்.

நியோடிமியம் காந்தத்தைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டு காந்தங்களை விழுங்கிவிட்டால் அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே துளைத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் இதன் பக்கத்தில் போகக் கூடாது.

முதல் படி: தேடும் இடம்

மேக்னடைட் இல்லாத ஊரைக் காண்பதுதான் அரிது. பசால்ட், கேப்ரோ, கிரானைட், சார்னோகைட் போன்ற பாறைகளில் எல்லாம் அது பொடித் துகளாகக் கலந்திருக்கிறது. பாறை உதிர்ந்து மணலாகும்போது துகளும் விடுபட்டு ஓடைக்கு வந்து சேர்கிறது. ஓடும் நீர் முறத்தில் புடைப்பதைப் போல வேலை செய்கிறது: இலேசான குவார்ட்ஸ் மணலை அடித்துக்கொண்டு போய்விட்டு, கனமான கறுப்புத் துகளை வேகம் குறையும் இடத்தில் விட்டுச் செல்கிறது. அதனால் ஓடை வளைவின் உட்புறத்திலும், பெரிய கல்லின் நீர் இறங்கும் பக்கத்திலும், பாலத்துத் தூணின் பின்னாலும் தேடுங்கள். மணலில் மை தடவிய மாதிரி கறுப்புக் கோடுகள் தெரிந்தால் அங்கே உட்கார்ந்துவிடலாம்.

கல்லாகவே பார்க்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் சேலத்துக்குத் தென்மேற்கே உள்ள கஞ்சமலைதான் என் முதல் பரிந்துரை. அமாவாசை தோறும் சித்தர் கோவிலுக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகிறார்கள். அடிவாரத்தில் அவர்கள் மிதித்துச் செல்லும் கற்களில் சில 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதையைச் சுமந்துகொண்டிருக்கின்றன. கையில் எடுத்தால் ஒரு கறுப்பு அடுக்கு, ஒரு வெளிர் சாம்பல் அடுக்கு, மீண்டும் கறுப்பு என மாறி மாறி வரும். கறுப்பு மேக்னடைட், வெளிர் குவார்ட்ஸ். ஆதிக் கடலின் அடியில் இரும்பும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்து, பின்னர் பூமியின் ஆழத்துக்குப் போய், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி, மடிந்து, மேலே வந்த பாறை இது. நிலவியலாளர்கள் இதை மேக்னடைட் குவார்ட்சைட் என்கிறார்கள். கோதுமலை, தீர்த்தமலை, திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலை ஆகியவற்றிலும் இதே வகைத் தாது உண்டு.

மலைக்காடுகள் பெரும்பாலும் வனத்துறை வசம் இருப்பவை. பாறையை உடைக்காதீர்கள். அடிவாரத்தில், சாலையோரத்தில் உருண்டு கிடக்கும் கைப்பிடியளவு கல்லே எல்லாச் சோதனைக்கும் போதும். கடற்கரையில் இன்னும் கவனம் தேவை. தென்கோடிக் கரையின் தாது மணலில் மோனசைட் போன்ற கதிரியக்கக் கனிமங்களும் கலந்திருக்கின்றன. அவை அணுக் கனிமச் சட்டவிதிகளுக்கு உட்பட்டவை. தமிழக அரசு 2013இல் தாது மணல் அள்ளுவதைத் தடை செய்தது. இருந்த இடத்திலேயே காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு மணலைத் திரும்பக் கொட்டிவிட்டு வாருங்கள். பையில் அள்ளி வருவதை நான் ஆதரிக்கவில்லை.

இரண்டாம் படி: காந்தத்தால் பிரித்தெடுத்தல்

காந்தத்தை நேராக மணலில் விடாதீர்கள். ஒட்டிய துகளைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிப் பிடியுங்கள். மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலில் குவார்ட்ஸும் சேர்ந்து ஒட்டும். மணலை வெள்ளைத் தாளில் மெல்லிய படலமாகப் பரப்பி, காந்தத்தை ஒரு விரல் உயரத்தில் நகர்த்துங்கள். ஒட்டியதை இன்னொரு தாளுக்கு மேலே கொண்டுபோய், பைக்குள்ளிருந்து காந்தத்தை உருவி எடுத்தால் துகள்கள் உதிர்ந்துவிடும். அந்தக் குவியலை மறுபடியும் பரப்பி இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டு வந்த வெள்ளை மணல் குறைந்துகொண்டே வரும்.

இரண்டு காந்தங்கள் ஏன் என்பது இங்கேதான் விளங்கும். முதலில் ஸ்பீக்கர் காந்தத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதன் இழுவிசை குறைவு. அதற்கு ஒரு விரல் தூரத்திலிருந்தே எழுந்து வருபவை மேக்னடைட் துகள்கள். சங்கிலி போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிமிர்ந்து நிற்கும். அவற்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்ச மணலில் நியோடிமியம் காந்தத்தை ஒட்டினாற்போல் நகர்த்துங்கள். இன்னொரு கூட்டம் வரும். அதில் கறுப்பாக இருப்பது பெரும்பாலும் இல்மனைட், ரோஜா நிறமோ சிவப்போ காட்டுவது கார்னெட். வலிய காந்தத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "மேக்னடைட்" என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். நான் பார்க்கும் தவறான அடையாளங்களில் இதுவே அதிகம்.

இலங்கை வாசகர்களுக்குப் புல்மோட்டை நினைவுக்கு வரும். திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் அந்தக் கரையின் கறுப்பு மணல் பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்போடு டைட்டானியமும் சேர்ந்த கனிமம். மேக்னடைட் அங்கே சொற்பம். மேக்னடைட்டைத் தேடுவதானால் திருகோணமலை மாவட்டத்துச் சேருவில இருக்கிறது. 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் படிவில் செம்புத் தாதுவும் மேக்னடைட்டும் சேர்ந்தே கிடக்கின்றன. சிலாபம் பக்கத்துப் பனிரெந்தாவவில் மேக்னடைட் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

கல்லாக இருந்தால் காந்தம் "ஒட்டுகிறதா" என்று பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சிறிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டம் அடங்கியதும் கல்லை மெதுவாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மேக்னடைட் கொஞ்சமே கலந்திருந்தாலும் நூல் சாய்வது கண்ணுக்குத் தெரியும். கஞ்சமலைக் கல் என்றால் காந்தம் விருட்டென்று வந்து அறைந்து நிற்கும்.

மூன்றாம் படி: பூதக்கண்ணாடி

துகள்களை வெள்ளைத் தாளில் தூவி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாருங்கள். மேக்னடைட் எண்முக வடிவில் வளரும் கனிமம்: இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டவைத்த உருவம், எட்டு முக்கோண முகங்கள். ஓடையில் உருண்டு வந்த துகளில் விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஆனாலும் நூற்றில் சிலவற்றில் கூரிய முக்கோண முகம் ஒன்று வெயிலில் மின்னிவிட்டு மறையும். துகளைத் திருப்பினால் அடுத்த முகம் மின்னும். இதற்காக மட்டுமே ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாம் என்பேன்.

பளபளக்கும் முழு உருண்டைகள் தென்பட்டால் சந்தேகப்படுங்கள். வெல்டிங் பட்டறையிலும் இரும்பு அறுக்கும் இடத்திலும் பறக்கும் தீப்பொறி குளிர்ந்தால் அப்படி உருண்டையாகும். ஊருக்குள் எடுத்த மண்ணிலும் மொட்டைமாடித் தூசியிலும் இவை ஏராளம். சுருளாக, நார்போல நீண்டிருப்பவை லேத்துப் பட்டறையின் இரும்புச் சீவல்கள். அதனால்தான் முதன்முதலாகத் தேடுகிறவர்களை ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் ஓடைக்கு அனுப்புகிறேன்.

நான்காம் படி: டைலில் கோடு

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நம்பகமான சோதனை இதுதான். காசு செலவில்லை, பொய் சொல்வதும் அரிது. டைலின் பின்பக்கத்தில் கல்லை அழுத்தி ஓர் அங்குலத்துக்கு இழுங்கள். அடுக்குப் பாறையாக இருந்தால் கறுப்பு அடுக்கின் விளிம்பு மட்டும் படும்படி பிடியுங்கள். குவார்ட்ஸ் பட்டால் அது டைலையே கீறி வெள்ளைப் பொடியை உதிர்க்கும். மேக்னடைட் கறுப்புக் கோடு விடும். ஹேமடைட் வெளியே எவ்வளவு கறுப்பாக, பளபளப்பாக இருந்தாலும் கோடு செங்காவி நிறத்தில்தான் விழும். குரோமியத் தாதுவான குரோமைட் பழுப்புக் கோடு விடும். சேலத்திலேயே கருப்பூர்ப் பக்கத்துப் பாறைகளில் குரோமைட் இருப்பதால் இந்த வேறுபாடு அங்கே தேடுகிறவர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கோடு தெளிவாக இல்லையென்றால் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் ஒட்டும் பொடியின் நிறம் இன்னும் தெளிவாகத் தெரியும். துகளாக மட்டும் இருந்தால் இரண்டு டைல் துண்டுகளுக்கு நடுவே ஒரு சிட்டிகை வைத்து நசுக்குங்கள்.

கல் காந்தத்தில் ஒட்டுகிறது, ஆனால் கோட்டில் சிவப்புச் சாயல் அடிக்கிறது என்றால் குழம்ப வேண்டாம். மேக்னடைட் காற்றும் நீரும் பட்டுக் காலப்போக்கில் ஹேமடைட்டாக மாறும். வெளியே எண்முக வடிவம் அப்படியே இருக்கும், உள்ளே சரக்கு மாறிவிடும். இப்படி மாறியதற்கு மார்ட்டைட் என்று பெயர். பாதி மாறிய கல்லில் உடைந்த புதிய பரப்பைத் தேடி அங்கே கோடு இழுத்தால் கறுப்பு தெரியும்.

விண்கல் கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். கனமாக, கறுப்பாக, காந்தத்தில் ஒட்டும் கல்லை விண்கல் என்று நம்பி நிபுணர்களிடம் எடுத்துச் செல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவற்றில் பல மேக்னடைட்டும் ஹேமடைட்டுமே. விண்கல் சாதாரணமாக டைலில் இப்படி அடர்ந்த கோடு விடாது. கறுப்பாகவோ சிவப்பாகவோ கோடு தாராளமாக விழுந்தால் அது பூமியில் பிறந்த கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: தண்ணீரில் எடை

தராசில் கல்லின் எடையைப் பாருங்கள். உதாரணத்துக்கு 104 கிராம். அடுத்து, பாதி தண்ணீர் நிரம்பிய டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். தராசு இப்போது 20 காட்டினால் அந்தக் கல்லின் பருமன் 20 கன சென்டிமீட்டர். 104ஐ 20ஆல் வகுத்தால் 5.2. அது கிட்டத்தட்டத் தூய மேக்னடைட். கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் நீவிவிட மறந்தால் பருமன் கூடுதலாகக் காட்டி விடை குறைந்துவிடும். 50 கிராமுக்குக் குறைந்த கல்லில் இந்தத் தராசு துல்லியம் காட்டாது.

கஞ்சமலைக் கல்லில் 5.2 வராது, வரவும் கூடாது. அதில் குவார்ட்ஸ் இருக்கிறது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65. எடையில் பாதி மேக்னடைட், பாதி குவார்ட்ஸ் என்றால் கணக்குப்படி 3.5 வரும். அப்படிப்பட்ட கல்லில் இரும்பு 36 சதவீதம். பள்ளி மாணவர்களோடு இதைச் செய்யும்போது ஆளுக்கொரு கல்லை எடுத்து, அதில் இரும்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சூத்திரமாகப் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவம் அங்கே கையில் பிடித்த கல்லாகிவிடுகிறது.

இந்தக் கணக்குதான் ஒரு மலையின் தலையெழுத்தையும் எழுதுகிறது. சேலத்துத் தாதுவை நம்பி ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். மரக்கரியில் ஓடிய அந்த ஆலை நிலைக்கவில்லை. இன்றைய சேலம் உருக்காலையும் கஞ்சமலைத் தாதுவை மனதில் வைத்தே திட்டமிடப்பட்டது. கடைசியில் அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக அமைந்தது. இரும்பு குறைந்த தாதுவை மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்து, உருண்டைகளாக்கிச் சுட்ட பிறகே உலையில் போட முடியும். கர்நாடகத்தின் குதிரேமுக்கில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். அதற்காக 1976இல் தொடங்கிய அரசு நிறுவனம் அரைத்த தாதுவைக் குழம்பாக்கி, 67 கிலோமீட்டர் குழாய் வழியே மங்களூருக்கு அனுப்பியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடும் பத்ரா ஆறும் கெடுவதைக் காட்டித் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால், 2005 முடிவில் சுரங்கம் மூடப்பட்டது. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சோலைக்காட்டைத் திரும்ப உண்டாக்க யாராலும் முடியாது.

ஆறாம் படி: திசைகாட்டி

எல்லா மேக்னடைட்டும் காந்தத்தால் ஈர்க்கப்படும். தானே காந்தமாக இருந்து ஊசியையும் குண்டூசியையும் இழுப்பது மிகச் சிலதான். அந்த அபூர்வக் கல்லைத்தான் காந்தக்கல் என்று முன்னோர் போற்றினார்கள். சீன அறிஞர் ஷென் குவோ 1088 வாக்கில் காந்தக்கல்லில் தேய்த்த ஊசி திசை காட்டுவதைப் பதிவு செய்தார். 1600இல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து சோதித்து, பூமியே ஒரு பெரிய காந்தம் என்று எழுதினார்.

உங்கள் கல் எந்த வகை? திசைகாட்டியை மரமேசையில் வையுங்கள். பக்கத்தில் செல்போன், கத்தி, இரும்புக் கால் எதுவும் வேண்டாம். முள் நின்றதும் கல்லின் ஒரு முனையை முள்ளின் வடமுனைக்குக் கிழக்குப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். முள் கல்லை நோக்கித் திரும்பும். இப்போது கல்லின் அதே முனையை முள்ளின் தென்முனையருகே கொண்டுபோங்கள். அதுவும் கல்லை நோக்கி வந்தால் அது சாதாரண மேக்னடைட். ஒரு முனை விலகி ஓடினால் கல்லுக்கு நிலைத்த காந்தம் இருக்கிறது. கல்லை மெல்லச் சுற்றி, விலக்கும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டால் அதன் துருவங்கள் எங்கே என்பது தெரிந்துவிடும். இழுப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்; விலக்குவதுதான் சாட்சி.

பூமியின் வலுக்குறைந்த காந்தப்புலம் மட்டும் ஒரு கல்லை இப்படி வலிய காந்தமாக்காது. மலை உச்சியில் வெளியே தெரியும் மேக்னடைட்டில் மின்னல் இறங்கும்போது அந்தப் பெரும் மின்னோட்டம் ஒரு கணத்துக்கு உண்டாக்கும் காந்தப்புலமே காரணம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பெற்ற காந்தத்தைத் தக்கவைக்கக் கல்லுக்குள் மேக்ஹமைட் போன்ற பிற ஆக்சைடுகள் நுணுக்கமாகப் பின்னிக் கிடக்கவும் வேண்டும். ஆழச் சுரங்கத்தில் காந்தக்கல் கிடைக்காமல், மேற்பரப்பில் மட்டும் கிடைப்பதை இது நன்றாக விளக்குகிறது.

மேக்னடைட் மலையில் திசைகாட்டியை நம்பி நடக்காதீர்கள். பாறையருகே முள் தாறுமாறாகத் திரும்பும். சுவீடன் நாட்டுச் சுரங்கத் தேடுநர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதே குணத்தைப் பயன்படுத்தி, பனிக்கும் காட்டுக்கும் அடியிலிருக்கும் தாதுவைத் திசைகாட்டியால் கண்டுபிடித்தார்கள்.

ஏமாற்றும் கூட்டாளிகள்

கொங்கு நாட்டிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் வயல்வெளியில் கறுப்பாக, கனமாக, காந்தத்தில் கொஞ்சம் ஒட்டும் கட்டிகள் கிடைக்கும். உள்ளே குமிழி ஓட்டைகள், மேலே வழிந்து உறைந்த தடம், உடைத்த இடத்தில் கண்ணாடிப் பளபளப்பு தெரிந்தால் அது இரும்புக் கசடு, ஊர்வழக்கில் சிட்டக்கல். நம் முன்னோர் மேக்னடைட் மணலையும் தாதுவையும் மரக்கரியோடு சிறு உலையில் இட்டு இரும்பெடுத்தபோது கழிந்தது. கசடு குவியலாகக் கிடந்து, அதனோடு துருத்திக் காற்று புகுந்த சுடுமண் குழாய்த் துண்டுகளும் தெரிந்தால் எதையும் எடுக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்தன. குவியல் கலைந்துவிட்டால் அப்படியொரு வரலாற்றைப் படிக்க வழியில்லாமல் போகும்.

பிர்ரோடைட் என்ற கந்தகம் கலந்த இரும்புக் கனிமமும் காந்தத்தில் ஒட்டும். ஆனால் புதிய உடைப்பில் வெண்கல நிறம் காட்டும். மேக்னசைட் பெயரில் மட்டுமே நெருக்கம். சேலம் சுண்ணாம்புக்கரட்டில் வெட்டி எடுக்கும் அந்த வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட், காந்தம் திரும்பிக்கூடப் பார்க்காது. கஞ்சமலையும் அதுவும் ஒரே ஊரைச் சுற்றி இருப்பதால் தேர்வுத்தாளிலும் செய்தித்தாளிலும் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

பாறை சொல்லும் பிறப்பிடம்

மேக்னடைட்டை உறுதிப்படுத்திய பிறகு, அது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். குவார்ட்ஸோடு அடுக்கடுக்காக இருந்தால் கஞ்சமலை, குதிரேமுக் வகை. பச்சைநிறக் கேப்ரோப் பாறையில் அடர்ந்த படலமாக இருந்தால் பாறைக்குழம்பிலிருந்தே படிகமாகி அடியில் தங்கியது. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டில் இப்படித் தங்கிய அடுக்குகள் வனேடியம் கலந்தவை என்பதால் அந்த உலோகத்துக்காகவும் வெட்டப்படுகின்றன. பளிங்குக்கல்லோடும் கார்னெட்டோடும் சேர்ந்திருந்தால் சுண்ணாம்புப் பாறையைச் சூடான பாறைக்குழம்பு தொட்ட இடத்தில் பிறந்தது. சுவீடனின் கிருனாவில் 60 சதவீதத்துக்கு மேல் இரும்புள்ள மேக்னடைட் படிவு சாய்ந்து ஊருக்கு அடியிலேயே இறங்குகிறது. அதைத் தோண்டத் தோண்ட நிலம் இறங்கியதால் ஊரையே நகர்த்துகிறார்கள். 2025 ஆகஸ்டில் அங்கிருந்த பெரிய மரத் தேவாலயத்தை அப்படியே தூக்கிச் சக்கர மேடையில் வைத்து ஐந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோனார்கள்.

எரிமலை மணலாகவும் கிடைக்கும். நியூசிலாந்து வடக்குத் தீவின் மேற்குக் கடற்கரையில் டைட்டானியம் கலந்த மேக்னடைட் மணல் குவிந்திருக்கிறது. கிளென்புரூக் எஃகாலை அதிலிருந்து இரும்பு எடுத்து வந்திருக்கிறது. எரிமலைக் குழம்பு ஆறும்போது அதிலுள்ள மேக்னடைட் அன்றைய பூமிக் காந்தத்தின் திசையைத் தனக்குள் பதித்துக்கொள்கிறது. கடலடிப் பாறையில் இப்படிப் பதிந்த திசைகள் வரிவரியாக மாறி மாறி இருப்பதை வைத்துத்தான் 1963இல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் கடற்தளம் விரிந்துகொண்டே போகிறது என்று விளக்கினார்கள்.

உயிர்களும் மேக்னடைட்டை உண்டாக்குகின்றன. கைட்டன் என்ற கடல்வாழ் மெல்லுடலி பாறையைச் சுரண்டித் தின்பதற்காகப் பற்களில் மேக்னடைட்டைப் பூசிக்கொள்வதை 1962இல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் கண்டார். சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் உடலுக்குள் மேக்னடைட் மணிகளைக் கோத்து அதன் உதவியால் நீந்தும் திசையை அறிவதை 1975இல் ரிச்சர்டு பிளேக்மோர் வெளியிட்டார்.

கடைசிப் படி: பெயர்ச்சீட்டும் டப்பாவும்

கல்லைக் கழுவி நன்றாகக் காயவைத்து, பஞ்சு போட்ட டப்பாவில் வையுங்கள். ஈரம் இருந்தால் மேலே பழுப்புப் படலம் ஏறும். துகளைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடுங்கள். சீட்டில் கிடைத்த இடம், தேதி, கோட்டின் நிறம், ஒப்படர்த்தி, திசைகாட்டி முள் என்ன செய்தது என்பதை எழுதுங்கள். "சேலம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த ஓடை, எந்தப் பாலத்துக்குக் கிழக்கே என்று எழுத வேண்டும். இடம் தெரியாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது.

சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கல்லை எடுத்துக்கொண்டு நிலவியல் துறை உள்ள கல்லூரிக்குப் போங்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் அத்துறை இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நிலவியல் பிரிவு நல்ல இடம்.

காந்தங்களைக் கற்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். நாள்கணக்கில் பக்கத்தில் கிடந்தால் சில கற்கள் அந்தக் காந்தத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு திசைகாட்டி முள் விலகினாலும், அது மலையில் கிடைத்த காந்தமா உங்கள் டப்பாவில் ஏறிய காந்தமா என்று சொல்ல முடியாது. அதனால் புதிதாகக் கொண்டுவந்த கல்லுக்குத் திசைகாட்டிச் சோதனையை மட்டும் மற்றச் சோதனைகளுக்கு முன்பே, எந்தக் காந்தமும் அருகில் வராத நிலையில் ஒருமுறை செய்து குறித்து வைத்துக்கொள்வது நல்லது.